நாலு தவில் குடித்த சுவர்

எல்லோரும் சௌக்கியம்தானே? முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? சர்க்கரை அடங்கிக் கிடக்கிறதா? காது எப்படி இருக்கிறது? மற்றதை மரியாதைக்காகக் கேட்டேன், காதை மட்டும் காரணத்தோடு கேட்கிறேன். காது மந்தமானவர்கள் வருத்தப்பட வேண்டாம். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் காது அருமையாகக் கேட்கும், டாக்டர் எழுதியே கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன கிழித்தோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் தம்பி ஞானசேகரனுக்கு மயிலாடுதுறையில் உரக்கடை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதைத் தவிர அவன் வேறெதற்கும் பயந்தது கிடையாது. அந்த நாலு பேர் யாரடா, பேரைச் சொல், நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று நாற்பது வருஷமாகக் கேட்கிறேன், சொல்ல மாட்டேன் என்கிறான். அவனுக்கு ஒரே மகள், நித்திலா. கோயம்புத்தூரில் வேலை. மூளை கெட்டி, குரல் மட்டும் பஞ்சு. பள்ளிக்கூடத்தில் அவள் "உள்ளேன்" சொன்னது காதில் விழாமல் பாதி நாள் ஆப்சென்ட் போட்டார்கள். வீட்டில் அதைக்கூடப் போடவில்லை.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒரு தீபாவளிக்கு, முறுக்கு பிழிந்துகொண்டிருக்கும்போது நான்தான் கேட்டேன்.

"சத்தத்துலேர்ந்து கரண்ட் எடுக்குறோம் அத்தை."

"எந்தச் சத்தம்?"

"எதுவா இருந்தாலும் சரி. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, மில்லு. நம்மளைச் சுத்தி இருக்கிற சத்தமெல்லாம் சும்மா வீணாத்தானே போவுது? சுவத்துல ஒரு தோல் ஒட்டுறோம். சத்தம் பட்டா அது அதிரும். அந்த அதிர்வைக் கரண்டா மாத்திடலாம். ஒலித்தோல்னு பேரு. அதை நல்லா இருக்கான்னு சோதிச்சுப் பாக்குறது என் வேலை."

"உங்கப்பன் பேச்சைப் புடிச்சா ஒரு தெருவுக்கு வெளக்கு எரியும் போலிருக்கே."

"நம்ம வீட்டு ஹால்ல ஒட்டுனா ஃபிரிட்ஜே ஓடும்" என்றாள். சிரிப்பதில்கூடச் சத்தம் இல்லை அவளுக்கு.

அந்தத் தோல் அப்புறம் ஊர் ஊராக வந்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டினார்கள், ஹாரன் சத்தத்தில் விளக்கு எரிந்தது. மக்கள் அதற்கு வைத்த பேர் குடிகாரச் சுவர். எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும்.

இருபத்தெட்டு வயசில் நித்திலாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பிரணவ் என்று பேர், ஆஸ்திரேலியாவில் இருந்தான். ஆள் வாட்டசாட்டம், பல் வரிசை, குடும்பம் கௌரவம். குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று தம்பி சொன்னான். குறை சொல்ல வேண்டியவளை யாரும் கேட்கவில்லை என்பதுதான் பாக்கி.

அவள் சும்மா இருக்கவில்லை. முதலில் அவனிடமே வீடியோவில் சொல்லியிருக்கிறாள். எனக்கு இதில் இஷ்டமில்லை, என் வேலையை விட்டுவிட்டு வர முடியாது, நீங்களே உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று நிறுத்தி நிதானமாக நாலு நிமிஷம் பேசியிருக்கிறாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டானாம். பரவாயில்லையே, மனுஷன்தான் என்று இவளும் நினைத்திருக்கிறாள். கடைசியில், "சூப்பர், அப்ப ரிசப்ஷன் சாரி கலர் ஃபிக்ஸ் பண்ணிடலாம்" என்றிருக்கிறான். நாலு நிமிஷமும் இவள் குரலை நிறுத்தி வைத்துவிட்டு பக்கத்தில் இருந்த சிநேகிதனோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்திருக்கிறான் அந்த மகானுபாவன்.

அம்மாவிடம் சொன்னாள். என் தம்பி பெண்டாட்டி சகுந்தலா, மகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் மிக்ஸியைப் போட்டாள். கல்யாணப் பேச்சு நடந்த அந்த நாலு மாதத்தில் அந்த வீட்டில் அரைத்த சட்னி ஒரு ஹோட்டலுக்குக் காணும். அப்பனிடம் சொன்னாள். அவன் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினான். ஊறுகாய் விளம்பரத்தை அவ்வளவு பக்தியோடு பார்த்த மனுஷனை நான் கண்டதில்லை.

என்னிடமும் சொன்னாள். என்னிடம் மிக்ஸியும் இல்லை, ரிமோட்டும் இல்லை. அதனால் இதற்கென்றே செய்து வைத்திருக்கிற வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தேன். "போகப் போகச் சரியாயிடும்டி."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். ஒரு வாரம் கழித்து அப்பனிடம் போய், "மண்டபம் மட்டும் நான் சொல்றதுல வைங்கப்பா" என்றாள். தம்பி எனக்குப் போன் போட்டான், குரலில் தேன் வடிகிறது.

"பாத்தியாக்கா, மண்டபம் கேக்குறா. மனசு மாறிட்டா."

அவள் சொன்ன வைரம் மகாலுக்கு அவளோடு நான் மட்டும் போனேன், தம்பிக்குக் கடை. முதலாளி வைரக்கண்ணு, அரிசி மில்லில் சம்பாதித்து மண்டபம் கட்டியவர். நெற்றி நிறைய விபூதி, கை நிறைய ரிமோட். வாசலில் ஒரு பலகை: "இங்கு மின் இணைப்பு கிடையாது. உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மின்சாரம்." இதைப் படித்தபோதே நான் திரும்பியிருக்க வேண்டும். மகிழ்ச்சியை நம்பி மின் இணைப்பை வெட்டியவனை என்னவென்று சொல்வது?

உள்ளே நாலு பக்கமும், கூரையிலும், சந்தன நிறத்தில் தோல் ஒட்டியிருந்தது. ஜன்னல் ஒன்றுகூட இல்லை. ஜன்னலில் தோல் ஒட்ட முடியாதாம்.

"அம்மா, சாதாரணமா இந்தத் தோலை அரைத் திறப்புலதான் வெச்சிருப்போம்" என்று வைரக்கண்ணு விளக்கினார். "சனங்க பேசுற பேச்சு, குழந்தைங்க அழுகை, பாத்திரம் விழுற சத்தம், அது போதும் லைட்டு ஃபேனுக்கு. முகூர்த்தத்துக்கு மட்டும் முழுசாத் திறந்துடுவோம். அப்பத்தான் வீடியோ லைட்டு, ஏசி, ஸ்கிரீன், லிஃப்டு எல்லாம் ஒரே நேரத்துல இழுக்கும். கெட்டிமேளம் அந்த நேரம் பாத்து வருது பாருங்க. தெய்வச் செயல்."

"பேட்டரி வெச்சு புடிச்சு வெக்கலாமே" என்றேன்.

"அடுத்த வருஷம்மா."

எதைக் கேட்டாலும் அடுத்த வருஷம் என்கிற ஜாதி அவர்.

நித்திலா மெல்லக் கேட்டாள். "முழுத் திறப்புல ஒரு தடவை காட்டுறீங்களா? பதிவு பண்ண மேளம் இருந்தாப் போடுங்க."

போட்டார். ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு, கார் பேட்டரியில் ஓடுவது. முதலில் காதைப் பிடுங்கியது. அவர் ரிமோட்டை அழுத்தினார். அவ்வளவுதான், அந்த மேளம் தகரத்தில் தூறல் போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஸ்பீக்கர் நடுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. மேலே விளக்கெல்லாம் பளீரென்று எரிந்தது. நான் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றேன். மணமேடை அங்கிருந்து எண்பது அடி இருக்கும். மேடையில் நின்றபடி நித்திலா வாய் அசைத்தாள்.

"அத்தை, முந்தானை தரையில இழுபடுது. எடுத்துச் சொருகுங்க."

பக்கத்தில் நின்று காதில் சொன்ன மாதிரி கேட்டது. என்னையறியாமல் முந்தானையை எடுத்துச் சொருகிக்கொண்டேன்.

அவள் இறங்கி வந்தபோது, "அது எப்படிடி உன் குரல் மட்டும்?" என்றேன்.

"பெரிய சத்தத்தைத்தான் அது புடிக்கும் அத்தை. மேளம் அதிர்ந்தா, அதுக்கு எதிரா இதுவும் அதிரும். ரெண்டும் மோதி ஒண்ணுமில்லாமப் போயிடும். எவ்வளவுக்கு எவ்வளவு ஓங்கி அடிக்கிறாங்களோ அவ்வளவுக்கு அவ்வளவு சுத்தமா எடுத்துடும். மெதுவாப் பேசுறதுல கறக்க ஒண்ணும் இல்லேன்னு விட்டுடும்."

"உன்னை மாதிரி ஆளை அதுவும் கண்டுக்காதுன்னு சொல்லு."

"ஆமா. அதனாலதான் கேக்குது" என்றாள். பிறகு வைரக்கண்ணு பக்கம் திரும்பி, "தாலி கட்டுற நேரத்துக்கு மறக்காம முழுசாத் திறந்துடுங்க சார்" என்றாள்.

"அதை மறப்பனாம்மா? அந்த ரெண்டு நிமிஷம்தான் எனக்குக் கறவையே."

எனக்கு அங்கேயே புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். புரிந்ததைப் புரியாததாக மடித்து உள்ளே வைப்பதில் எங்கள் வீட்டுக்குத் தனிப் பயிற்சி உண்டு. தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்குக் கொட்டுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு தும்மல், ஒரு அழுகை, ஆகாத ஒரு வார்த்தை யார் காதிலும் விழக்கூடாது. அய்யர் விரலை ஆட்டியதும் மேளக்காரர்கள் உயிரை விட்டு அடிப்பது அதற்குத்தான். அந்த மேளத்தையே குடிக்கிற சுவருக்குள் கல்யாணத்தை வைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க, அந்த ஊரில் ஒருத்திக்கு மட்டும் தோன்றியிருக்கிறது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் தம்பி வந்தான்.

"நாலு தவில் சொல்லியிருக்கேன்க்கா. ரெண்டு நாயனம். மேடையில உக்காந்து அவ மொணமொணத்தாலும் எவன் காதுலயும் விழாது."

அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. காதில் விழாதவனுக்கு எதற்கு நாலு தவில்? இவன் நாலு மாதமாக ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கிறான்.

கல்யாண நாள் வந்தது. காலை எட்டு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. நம் சனங்களை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். மேடைப் பக்கத்தில் ஒரு பெரிய திரை, அதில் பாதரசம் மாதிரி ஒரு கோடு, சத்தம் கூடினால் ஏறும். கோட் போட்ட ஒரு பையன் மைக்கில், "எல்லாரும் ஜோராக் கை தட்டுங்க, ஏசி ரெண்டு டிகிரி இறங்கும்" என்கிறான். பட்டுப் புடவையும் வைரத் தோடுமாக உட்கார்ந்து, சில்லென்று காற்று வரும் என்று அத்தனை பேரும் தட்டுகிறார்கள். கலெக்டர் ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் விசில் அடிக்கிறார். பந்தியில் காற்று போதவில்லை என்று மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட பெரியம்மா ஒருத்தி, மடியில் இருந்த பேரனை நறுக்கென்று கிள்ளினாள். அது வீரிட்டது. ஃபேன் வேகமாகச் சுற்றியது. "செல்லம்" என்று அதையே கொஞ்சினாள். பக்கத்து இலைக்காரி தன் பேத்தியைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மேளக்காரர்கள் பக்கம் போனேன். தவில்காரர் சாம்பசிவம், அறுபது வயசு இருக்கும், வெற்றிலை போட்ட வாய். விரலுக்குக் கவசம் மாட்டிக்கொண்டே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, காப்பி வந்துச்சா?"

"காப்பி வந்துச்சும்மா. சத்தம்தான் வரல." தவிலை ஒரு தட்டு தட்டிக் காட்டினார். "கெணத்துல கல்லு போட்டாக்கூட ஒரு சத்தம் திரும்பி வரும். இங்க அடிச்சா என் அடி என் காதுக்கே வரமாட்டேங்குது. அரைத் திறப்பாம். இதுல அந்த ஆளு வந்து, 'ஓங்கி அடிங்கய்யா, ஸ்கிரீன் மங்குது'ங்கிறாரு. நான் தவிலு வாசிக்கிறனா, தண்ணி எறைக்கிறனா?"

"மறுத்துட வேண்டியதுதானே?"

"எந்த மண்டபத்துக்கும்மா போறது? எல்லாரும் இதைத்தான் ஒட்டுறான்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "போன முகூர்த்தத்துல ஒரு வேடிக்கை. கெட்டிமேளத்துல, பந்தல்கால் கிட்ட ஒருத்தன் தும்முனான். அவ்வளவு பேருக்கும் கேட்டுச்சு. எங்க மேளம் கேக்கல, தும்மல் கேட்டுச்சு. மொதலாளி, அது ஸ்பீக்கர் கோளாறுன்னு சொல்லி அமுக்கிட்டாரு."

நான் மேடையைப் பார்த்தேன். நித்திலா அரக்குப் பட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரணவ், காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவி. ஆஸ்திரேலியாவில் இருக்கிற சிநேகிதர்கள் அதன் வழியாகக் கல்யாணத்தில் கலந்துகொள்கிறார்களாம். அவன் அக்கினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் அக்கினி ஒன்றும் சொல்லியிருக்காது.

முகூர்த்தம் நெருங்கியது. தாலித் தட்டு எல்லோர் கைக்கும் போய் ஆசீர்வாதம் வாங்கி வந்தது. நானும் தொட்டுக் கும்பிட்டேன். அட்சதையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன். வைரக்கண்ணு மேடைக்குக் கீழே நின்று ரிமோட்டை அழுத்தினார். அய்யர் விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார்.

நாலு தவிலும் இடித்தன. நாயனக்காரர்கள் கன்னம் பந்தாக உப்பியது. சாம்பசிவத்துக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. விளக்கெல்லாம் வெள்ளையாகச் சீறி எரிந்தது, திரையில் கோடு உச்சிக்குப் போனது. கேட்டது என்னவோ தூறல்தான். எங்கேயோ தூரத்துத் தெருவில் யாருக்கோ கல்யாணம் நடக்கிற மாதிரி.

பிரணவ் தாலியை எடுத்துக் குனிந்தான். நித்திலா தலையை நிமிர்த்தினாள்.

"வேண்டாம்."

கத்தவில்லை. அவளுக்குக் கத்தத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரிடம் இன்னொரு கரண்டி ரசம் வேண்டாம் என்று சொல்கிற குரல். எண்ணூறு பேருக்கும் கேட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தியதை நான் பார்த்தேன்.

என் தம்பி முகம் வெளிறிவிட்டது. ஆனால் அவன் புத்திசாலி அல்லவா? மேளக்காரர்கள் பக்கம் பாய்ந்து போய், "ஓங்கி அடிங்கய்யா, இன்னும் ஓங்கி" என்று கத்தினான். அவன் கத்தலையும் சுவர் குடித்துவிட்டது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கையை ஆட்டுவதைப் பார்த்து மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். அவர்கள் அடிக்க அடிக்க அந்தத் தூறலும் நின்றுபோய், மண்டபம் மார்கழி விடியற்காலை மாதிரி ஆனது.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

இந்த முறை அவள் மூச்சு விட்டதுகூடக் கேட்டது. மகளை மூடுவதற்கு அவன் ஏற்பாடு செய்த நாலு தவிலும் அவளுக்குப் பாதை போட்டுக் கொடுத்தன.

சாம்பசிவம் அவளைப் பார்த்தார். என் தம்பியைப் பார்த்தார். அடித்துக்கொண்டிருந்த கோலைத் தவில் மேல் குறுக்காக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மற்ற மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். விளக்குகள் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தன. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. வாசல் வழியாக வந்த காலை வெயிலும், அக்கினி வெளிச்சமும்தான் மிச்சம்.

"சார், மேளத்தை நிறுத்தாதீங்க, லிஃப்டு பாதியில நிக்குது" என்று வைரக்கண்ணு கெஞ்சினார். ஒரு பெண்ணின் தலையெழுத்து மேடையில் நிற்கிறது, அவருக்கு லிஃப்ட். அதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போட்ட கூச்சலில் மாடிப்படியில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. அன்றைக்கு அந்தக் குடும்பம் ஊருக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

யாரும் பேசவில்லை. பேசினால் விளக்கு எரியும், முகம் தெரியும் என்று பயந்தார்களோ என்னவோ. பிரணவ் தாலியைக் கையில் பிடித்தபடி காதில் இருந்த கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தான். கழற்றினான்.

"என்னாச்சு? ஏன் நிறுத்திட்டாங்க?"

எண்ணூறு பேரில் அவன் ஒருத்தனுக்குத்தான் கேட்கவில்லை.

நித்திலா அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "வேண்டாம்னு சொன்னேன். வீடியோவுல சொன்னதைத்தான் இப்பவும் சொல்றேன். தட்டுல வெச்சிடுங்க."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மாள், "கட்டுடா, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். பெரிய மனுஷி. அய்யர்தான், "அது நடக்காதும்மா. நானே கேட்டுட்டேன்" என்று சொல்லி அக்கினிக்கு முன்னால் இருந்து எழுந்துகொண்டார். அவன் தாலியைத் தட்டில் வைத்தான். வைத்தபோது உண்டான சின்னச் சத்தமும் கேட்டது.

கூட்டம் கலைந்த விதத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பாதிப் பேர் பந்திக்குப் போனார்கள். கல்யாணம் நின்றதைவிட, விளக்கு இல்லாமல் பாயசத்தில் முந்திரி தெரியவில்லை என்பது பெரிய பேச்சாக இருந்தது. கேட்டது கேட்டபடி யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுச்சாமே?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பேரும் முன்வரிசையில் இருந்தவர்கள்.

மணமகள் அறையில் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சகுந்தலா அழுதுகொண்டிருந்தாள். அங்கே மிக்ஸி இல்லை.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றான் மகளிடம்.

"சொன்னேம்பா."

"எப்ப சொன்ன?"

"நீங்க டிவி சத்தத்தைக் கூட்டுனப்பல்லாம்."

அவன் கை பழக்கத்தில் எதையோ தேடியது. ரிமோட்டைத்தான்.

"ராத்திரியே எங்கயாவது போயிருக்கலாமேடி" என்று சகுந்தலா விசும்பினாள். "இத்தனை பேர் முன்னாடி."

"போயிருந்தா, எவன் கூடப் போனான்னு கேட்டிருப்பீங்கம்மா. நான் எவன் கூடவும் போகல. வேண்டாம்னு சொன்னேன். அது ஒரு தடவையாவது யார் காதுலயாவது விழணும்னு நெனச்சேன், அவ்வளவுதான்." நகைகளைக் கழற்றி அம்மா மடியில் வைத்துவிட்டு, "அத்தை, பசிக்குது" என்றாள்.

அவளைப் பந்திக்கு அழைத்துப் போனேன். ஒரு மூலையில் மேளக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தோம். அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்து, நாலு மாதத்துச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டாள். சாம்பசிவம் அவளைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நாப்பது வருஷமா மேடைக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்மா. பொண்ணு முகம் எனக்கு நேரா இருக்கும். சத்தம் கேக்காது. ஒதடு தெரியும்."

"என்ன தெரியும்?"

"இந்தப் பொண்ணு சொன்னதுதான். அதே வார்த்தை." மோரை ஊற்றிக்கொண்டார். "அய்யர் விரலை ஆட்டுனா அடிக்கணும். அதான் வேலை. அடிச்சேன்."

"எத்தனை பேருண்ணே?"

"எண்ணலம்மா. எண்ணுனா அடுத்த முகூர்த்தத்துக்குப் போக முடியாது."

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நித்திலா கோயம்புத்தூரில் அதே வேலையில் இருக்கிறாள், எனக்கு வாரம் ஒரு முறை போன் பேசுகிறாள். நான் பேசாமல் கேட்கிறேன், இந்த வயசில் புதிதாகக் கற்றுக்கொண்டது. பிரணவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, திறந்த மைதானத்தில் வைத்தார்கள்.

வைரம் மகால் இழுத்து மூடப்படும் என்று நான் நினைத்தேன். ஏமாந்தேன். முன்னைவிட ஓகோவென்று நடக்கிறது. ஒரே ஒரு மாற்றம். மண்டபம் பேச வருகிறவர்கள் எல்லோரும், மாப்பிள்ளை வீடு பெண் வீடு என்று வித்தியாசமில்லாமல், வைரக்கண்ணுவிடம் ஒரு நிபந்தனை போடுகிறார்கள். கெட்டிமேளம் நேரத்தில் மட்டும் சுவரை மூடிவிட வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்துக்கென்று அவர் பின்பக்கம் ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கிப் போட்டிருக்கிறார். நாள் முழுக்கச் சத்தத்தைக் குடித்து விளக்கெரிக்கிற மண்டபத்தில், தாலி ஏறுகிற நேரத்தில் மட்டும் டீசல் புகை வருகிறது. இப்போது அந்தப் பக்கத்தில் எல்லா மண்டபத்திலும் இதுதான் வழக்கம். எதற்காக மூடச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை. எங்கள் வீட்டுப் பெண் அப்படியெல்லாம் சொல்ல மாட்டாள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்ல மாட்டாள் என்று அவ்வளவு நம்பிக்கை உள்ளவர்களுக்கு எதற்கு டீசல்?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தக் கும்பலில் ஒருத்திதான். அன்றைக்குப் பந்தியில் சாம்பசிவம் அதே வார்த்தை என்று சொன்னபோது, நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எனக்குக் கல்யாணம் சீர்காழியில், ஒரு ஆவணி மாதம். சாதாரணச் சுண்ணாம்புச் சுவர். நானும் அய்யர் விரலை ஆட்டியதும் ஒரு வார்த்தை சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். தவில்காரர் யார் என்று ஞாபகமில்லை, ஆனால் பிரமாதமாக வாசித்தார், ஊரே பாராட்டியது. போகப் போகச் சரியாகிவிடும் என்ற வாக்கியத்தை அன்று சாயங்காலம் என் அத்தை எனக்குக் கொடுத்தாள். நான் அதைப் பத்திரமாக வைத்திருந்து நித்திலாவிடம் கொடுத்தேன்.

சரி, என் கதை முடிந்தது. உங்களுக்கும் கெட்டிமேளம் கொட்டித்தான் கல்யாணம் ஆகியிருக்கும். அந்தச் சத்தத்துக்கு அடியில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம், பேர் போட வேண்டாம், ஒரு வரி போதும். எனக்கு எழுதுங்கள். எவ்வளவு மெதுவாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.